கை சும்மா, கால் ஜோர்!

சிகாகோ போகிறவர்கள் மிச்சிகன் ஏரியைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது, ஒரு சர்ச் ஹாலில் நடக்கும் ஐரிஷ் நடனப் பள்ளி.

நம்ம பரதத்தில் கண், கழுத்து, விரல் எல்லாம் பேசும். இங்கே இரண்டு கையும் உடம்போடு ஒட்டிக்கொள்ள, கால் மட்டும் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை! 1994-ல் டப்ளின் யூரோவிஷன் மேடையில் 'ரிவர்டான்ஸ்' ஆடி அசத்திய மைக்கேல் ஃப்ளாட்லி, இந்த ஊரில் பிறந்தவர்தான்.

பள்ளிக்கு முதலாளி கிடையாது. பெற்றோர் கமிட்டிதான் எல்லாம். லாபம்? மூச்! டீச்சர் சம்பளம், ஹால் வாடகை போக மிஞ்சினால் பிள்ளைகளுக்கே. சிமென்ட் தரையில் குதித்தால் முட்டி போய்விடும் என்று அப்பாக்கள் வாராவாரம் மரப்பலகை சுமந்து வந்து விரிக்கிறார்கள். (ஒருவர் பல் டாக்டராம்!)

அன்றைக்குக் கமிட்டியில் காரசாரம். போட்டிக்குப் போடும் தனி கவுன் ஆயிரம் டாலரைத் தாண்டும். சுருள்முடி விக் செலவு வேறு. "நல்லா ஆடற பிள்ளைங்களாவது வாங்கிக்கட்டுமே" என்றார் ஓர் அப்பா. கணக்கு பார்க்கும் அம்மா விடவில்லை. "வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அடுத்த வாரம் வராதுங்க. அதுக்கா இதை ஆரம்பிச்சோம்?"

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் அம்மா கட்சிக்கு ஜெயம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பள்ளி கவுன். சின்னதாகிவிட்டால் அடுத்த பிள்ளைக்கு. கவுன் அலமாரியை நகர்த்த நானும் கை கொடுத்தேன். அப்பா, என்ன கனம்!