மார்கழிக் குளிரில் கொடைக்கானல்

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் மலைக்குப் போவதென்றால் இரண்டே பருவம்தான். ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் குற்றாலம். சித்திரை, வைகாசியில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, கையில் கொஞ்சம் காசுள்ளவர்களுக்குக் கொடைக்கானல். மார்கழியில் மலைக்குப் போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்! "ஏன், இங்கே அடிக்கிற வாடைக் காற்று பத்தாதா?" என்றுதான் கேட்பார்கள்.

போன அரைப்பரீட்சை லீவில் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தபோது என் மாமியார் சொன்னதும் இதுதான். "வெயில் காலத்துல போனாலாவது வெக்கைக்குத் தப்பிச்சோம்னு இருக்கும். குளிர் காலத்துல போயி யாராவது குளிரத் தேடுவாகளா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. பெரியவனுக்கு அவ்வப்போது இழுப்பு வரும். சின்னவளுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. அத்தைக்கோ அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. இத்தனை பேரையும் மார்கழியில் மலைமேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் யோசனைதான். ஆனால் இன்னொன்றும் மனசில் உறுத்தியது. அத்தை தன் ஆயுளில் ஏறிய ஒரே மலை கழுகுமலை. புரட்டாசியில் விதைப்பு, மார்கழியில் களையெடுப்பு, தையில் அறுப்பு, மாசி பங்குனியில் பருத்தி எடுப்பு என்றே அவருடைய வருஷங்கள் ஓடிவிட்டன. காட்டில் வேலை ஓய்ந்த கோடையிலோ, மலைமேல் அறை வாடகை எட்டாத உயரத்தில் இருந்தது. இனியும் கோடைக்குக் காத்திருந்தால் முழங்கால் காத்திருக்குமா?

டாக்டரிடம் கேட்டோம். "இழுப்புக்கான மருந்தை மறக்காமல் கையிலேயே வைத்திருங்கள், குளிர்ந்த காற்று நேரே மூக்கில் ஏறாமல் மப்ளர் கட்டுங்கள், ஓடிக் களைக்க விடாதீர்கள், தாராளமாகப் போய் வாருங்கள்" என்றார். அத்தைக்கு ரத்த அழுத்தம் பார்த்து, சரி என்றார். கிளம்பிவிட்டோம்.

குளிரைத் தேடிப் போகிறவர்கள்

குளிர்காலத்தில் மலையூருக்குப் போவது நமக்குத்தான் புதுசு. போலந்து நாட்டில் தத்ரா மலையடிவாரத்தில் சக்கோபானே என்று ஓர் ஊர் உண்டு. பனி கொட்டுகிற மாதங்களில்தான் அங்கே குடும்பம் குடும்பமாகக் கூடுவார்கள். குழந்தைகளைக் கம்பளியில் பொதிந்து, குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் உட்கார வைத்து ஊர் சுற்றுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்சா நகரத்து டாக்டர் ஒருவர் அந்த மலைக் காற்றின் நன்மையை எடுத்துச் சொன்ன பிறகுதான் அந்த ஊர் பிரபலமாயிற்று. காசநோய்க்காரர்களுக்கான சானடோரியங்களும் அங்கே எழுந்தன.

நம் கொடைக்கானலின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். மதுரையில் காய்ச்சலுக்குப் பலியாகிக்கொண்டிருந்த அமெரிக்கப் பாதிரிமார், 1845-இல் பழனி மலைமேல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஏறினார்கள். அதுதான் ஊரின் ஆரம்பம். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். ஆக, உடம்பு தேறுவதற்கென்றே பிறந்த ஊர் இது!

மூட்டை கட்டும்போது

கோவில்பட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். நம் ஊரில் மார்கழி விடியலிலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே பகலில் பதினேழு, பதினெட்டு, இரவில் எட்டு. சில இரவுகளில் அதற்கும் கீழே இறங்கி, பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும். மற்றபடி, உயரத்தால் தலைசுற்றல், மூச்சுமுட்டல் வருவது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

குழந்தைகளுக்கு ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட, உள்ளே முழுக்கை பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர் என்று அடுக்கடுக்காகப் போடுவதே நல்லது. வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காதை மூடும் குல்லாய், ஆளுக்கு நாலு ஜோடி காலுறை கட்டாயம். காலுறை ஈரமானால் உடனே மாற்றுங்கள். ஈரக் காலோடு நடுங்க விடாதீர்கள். டிசம்பர் கடைசி வரை மழை தூறும், குடையும் வேண்டும்.

தேங்காய் எண்ணெயை நம்பிப் போகாதீர்கள். அங்கே அது நெய்யாக உறைந்துவிடும்! நான் எடுத்துப்போன நல்லெண்ணெய்தான் உடம்பு வறண்டு வெடிக்காமல் காப்பாற்றியது. கற்பூரம் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ தடவக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வழிக்கு எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் இல்லாமலா? 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டமாயிற்றே! ஆனால் மலைமேல் ஈரக் காற்றில் பாகு பிசுபிசுத்துப் போகும். இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நம் ஊர்த் தீப்பெட்டிக்கும் அதே கதிதான், அதையும் அந்த டப்பாவிலேயே போட்டுவிடுங்கள்.

மலை ஏறும்போது

மதுரை வரை ஒரு பஸ். அங்கே ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து கொடைக்கானலுக்கு நேரே பஸ் உண்டு. சுமார் நாலு மணி நேரம். ரயிலில் போகிறவர்கள் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்து எண்பது கிலோமீட்டர். சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுத்துக்கொள்ள வேண்டும்; சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் வந்த ஏற்பாடு இது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலைமேல் தடை. எவர்சில்வர் கூஜாவும் பிளாஸ்க்கும் கொண்டுபோங்கள்.

வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கும். வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்தினால் வாந்தித் தொல்லை பாதி குறையும். பிள்ளைகளைப் புத்தகமோ செல்போனோ பார்க்க விடாதீர்கள். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற ஏறக் காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுத்தால் காது வலிக்காது.

டம் டம் பாறையில் வண்டி நின்றது. எதிரே எலிவால் அருவி, 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளிக் கம்பியாக விழுகிறது. கீழே மஞ்சளாறு அணை. கோடையில் வருகிறவர்களுக்கு இந்த அருவி இத்தனை தண்ணீரோடு கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு வந்தால்தான் இந்தக் காட்சி!

மலைமேல் குடித்தனம்

புத்தாண்டுக் கூட்டம் இறங்கியபின் ஜனவரி முதல் வாரத்தில் போனதால், சமையலறையோடு கூடிய சிறு வீடு ஒன்று சுமாரான வாடகைக்குக் கிடைத்தது. முதல் நாள் பருப்பு வேக வைத்தேன், பாருங்கள்! தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்போ அசைகிற வழியாக இல்லை. உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று பெரியவன் பாடப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்னான். கொடைக்கானல் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் அங்கே பருப்பும் கடலையும் வேகாது. தோசை மாவும் அப்படித்தான். ராத்திரி கரைத்தது மறுநாள் மத்தியானம் வரை பொங்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து கோதுமை ரவை உப்புமா, சப்பாத்தி என்று மாற்றிக்கொண்டேன்.

இந்த இடத்தில் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இடம் மாறினாலும் அடுப்பு நம்மை விடுவதில்லை. ஊரில் நின்ற நேரத்துக்கு அங்கேயும் நின்றால் அது நமக்கு என்ன விடுமுறை? கிளம்பும் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்: "காலைப் பலகாரம் நான், மத்தியானம் ஹோட்டல், ராத்திரி நீங்களும் பெரியவனும்." "சப்பாத்தி வட்டமா வராதே" என்றார். "இந்தியா மேப்பா வந்தாலும் சாப்பிட்டுக்கிறோம்" என்று அத்தையே சொல்லிவிட்டார்கள்!

கரிச் சட்டி வேண்டாம்!

இந்தப் பத்தியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். முதல் நாள் இரவு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பையன் வந்து, "அறைக்குள்ள கரி போட்டு கணப்புச் சட்டி வைக்கட்டுமாக்கா?" என்று கேட்டான். அத்தைக்கு ஆசைதான். "பிள்ளைகளுக்குக் கதகதப்பா இருக்கும்ல?" என்றார்கள். நான் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கதவு ஜன்னலை இறுக மூடிய அறையில் அது சேர்ந்தால், தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே மயங்கிப் போய்விடுவார்கள். புகை தெரியாமல் கனிந்த கரியானாலும் இதே ஆபத்துதான். கொடைக்கானலிலேயே இப்படி அறைக்குள் அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கெய்சர் வைப்பதிலும் இதே அபாயம் உண்டு. தலைவலி, குமட்டல், மயக்கம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால், உடனே எல்லாரும் வெளிக் காற்றுக்கு வந்துவிட வேண்டும். டாக்டரையும் பார்க்க வேண்டும். ஊரில் பிரசவித்த வீட்டில் கதவை அடைத்துக்கொண்டு அனல் வைக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம்? வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையில் கால்மணி நேரம் வைத்தோம். படுக்கை சூடானதும் பையை எடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். அத்தைக்கு இரண்டு கம்பளி. யாரும் நடுங்கவில்லை.

பார்த்ததும் ரசித்ததும்

வானம் தெளிந்த ஒரு விடியலில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தோம். புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி! ஏரித் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அத்தை குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடி உப்பளம் மாதிரில்ல இருக்கு!" என்றார்கள். எட்டரை மணி வெயிலுக்குள் அத்தனையும் கரைந்துவிட்டது. அந்த வெயிலை இளப்பமாக எண்ண வேண்டாம். உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். குளிர் தெரிகிறபோதே தோல் கறுத்துவிடும். தொப்பி அவசியம்.

1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி அமைத்த கோக்கர்ஸ் வாக் பாதை ஒரு கிலோமீட்டர்தான். முழங்கால் வலிக்காரர்களும் நின்று நின்று நடக்கலாம். 1901-இலிருந்து சூரியனை ஆராய்ந்து வரும் வான் ஆய்வுக்கூடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல இடம். எவர்ஷெட் என்பவர் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-இல் எழுந்தது. கட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி! இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார். கோயிலின் பின்புறம் நின்றால் பழனி மலை தெரிகிறது. "முருகன் வீட்டை முருகன் வீட்டிலிருந்தே பாக்குறேன்" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குறிஞ்சிப் பூ கடைசியாக ஊரெல்லாம் பூத்தது 2018-இல். பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030.

ஒரு நாள் மன்னவனூர் போனோம். வழியில் பூம்பாறை, படிப்படியாக வெள்ளைப்பூண்டு வயல்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கே விளைவதுதான். மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பளி பொதிந்த மெரினோ இன ஆடுகளைக் கண்டதும் அத்தைக்கு ஒரே ஆச்சரியம். நம் கரிசல் காட்டு வேம்பூர் ஆட்டுக்கு ரோமம் குட்டை, கால் நெட்டை. வெக்கையில் நடக்கிற ஆடு. "அந்தந்த ஊருக்குத் தக்கன சாமி சட்டை போட்டு விட்டிருக்கு" என்றார்கள்.

நாலு நாளில் பெரியவனுக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் குளிரே இழுப்பைக் கிளப்பிவிடும். அதனால் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். இதயநோய் உள்ள பெரியவர்களும் அப்படியே. மற்றவர்கள், வருகிற லீவுக்குக் கோடை வரட்டும் என்று தள்ளிப் போடாமல் யோசித்துப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். இறங்கி வரும்போது மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கி வாருங்கள். காற்றாடத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.