சோழபுரத்து ஞாயிற்றுக்கிழமைகள்

சோழபுரத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும். தையல் கம்பெனிகளில் வாரக் கூலி போடுவது அன்றைக்குத்தான். ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் என்று அடுத்தடுத்த ஊர்களில் அப்போது வீட்டுக்கு வீடு மெஷின் சத்தம் கேட்கும். தமிழ்நாட்டுப் பெண்கள் உடுத்துகிற நைட்டியிலும் உள்பாவாடையிலும் எத்தனையோ டஜன் இந்தத் தெருக்களில் தைத்தவை. கம்பெனி என்றதும் பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம். ஓட்டு வீட்டின் நீளக் கூடத்தில் இரண்டு வரிசையாக மெஷின், நடுவில் துணி மூட்டை, சுவரோரம் கட்டிங் மேசை, அவ்வளவுதான். கட்டிங் மாஸ்டரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் அடுக்கி வெட்டிக் கொடுப்பதை ஒருத்தி தோள் சேர்ப்பாள், ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி கழுத்துக்குப் பைப்பிங் ஓட்டுவாள். ஓவர்லாக், காஜா, பிசிறு வெட்டுவது, மடிப்பது என்று ஒரு நைட்டி அத்தனை கை மாறித்தான் பாலித்தீன் பைக்குள் போகும்.

நான் பைப்பிங். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு 1990களின் நடுவில் போய் உட்கார்ந்தவள், கல்யாணம் ஆகிற வரைக்கும் அந்த மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. டஜன் கணக்கில் கூலி. அவரவர் முடித்ததை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்வோம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு மெஷின்களை நிறுத்தி எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் அண்ணாச்சி கூட்டிப் பார்த்துப் பணத்தைக் கையில் வைப்பார். அதில் பெரும்பங்கை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். மீதி எனக்கு. அந்த மீதியை என்ன செய்தாய் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. இதை நான் சாதாரணமாக நினைத்திருந்தேன். சாதாரணமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

என் சித்தி மகள் ஒருத்தி வெளியூர் நூற்பாலைக்குப் போனாள். சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்திருந்தார்கள். மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அதுவரைக்கும் கையில் வருவது சொற்பம். வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் அனுமதி, அதுவும் கூட்டமாக, காவலோடு. அவளும் என்னைப்போல்தான், இருபது வயதுகூட ஆகாதவள், நூலோடும் பஞ்சோடும் பாடுபட்டவள். ஆனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. பொங்கலுக்கு வந்தபோது என் கையிலிருந்த கண்ணாடி வளையலைத் தடவிக்கொண்டே, “நீயே போய் வாங்குனியாக்கா?” என்று கேட்டாள். என்ன விலை என்று அவள் கேட்கவில்லை.

வாரநாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடியக்காலையில் தண்ணீர் பிடிப்பது, வாசல் தெளிப்பது, தூக்குச்சட்டியில் சோறு. தெரு முனையில் நாலைந்து பேர் சேர்ந்ததும் நடையைக் கட்டுவோம். மேற்கே மலை எப்போதும் கூடவே வரும். ஆடி மாதமானால் காற்று மண்ணை வாரி அடிக்கும். தாவணியைத் தலையில் சுற்றிக்கொண்டு குனிந்தே நடப்போம். கம்பெனியில் திருநெல்வேலி வானொலி பாடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அந்த அமைதியில்தான் கதையெல்லாம் வெளியே வரும்.

சனிக்கிழமை வழியிலேயே பேச்சு தொடங்கிவிடும், நாளைக்கு எங்கே என்று. பெரும்பாலும் ராஜபாளையம்தான். மதினியோ அத்தையோ ஒரு பெரியவள் கூட வர வேண்டும் என்று வீடுகளில் சொல்லுவார்கள். அதற்காகவே எங்கள் காஜா அக்காவைப் பிடித்து வைத்திருந்தோம். முப்பது தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டவள். அவள் வருகிறாள் என்றால் எந்த வீட்டிலும் மறுப்பு வராது.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அம்பலப்புளி பஜார் வழியாக ஒரு சுற்று. ஒரே கடைத்தெருவை மறுபடி மறுபடி பார்க்க என்ன இருக்கிறது என்று எங்கள் அய்யா கேட்பார். எங்களுக்குத் தெரியும் என்ன இருக்கிறது என்று. தையல்காரிகள் துணிக்கடைக்குள் நுழைந்தால் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை, உள்பக்கத்தைப் புரட்டுவோம். தையலுக்கு எத்தனை விட்டிருக்கிறான், பிசிறு அடைத்திருக்கிறானா, ஓரம் மடித்ததா இல்லை வெட்டி விட்டதா, துணி நேர்க்கோட்டில் வெட்டினதா. கடைப் பையன் “அக்கா, லேட்டஸ்ட் மாடல்” என்று சுடிதாரை விரித்தால், முகவூர்க்காரி ஒருத்தி கைக்குழியைத் தூக்கிப் பிடித்து, “இது ரெண்டு துவைக்குத் தாங்காதுளா” என்று மெதுவாகச் சொல்லிவிடுவாள். அவன் முகம் மாறிவிடும். வாங்குவது ஒன்றோ இரண்டோ: ஸ்டிக்கர் பொட்டு, ரப்பர் வளையம், உள்ளாடை, ஒரு கைக்குட்டை. சில ஞாயிறுகளில் ஒன்றுமே வாங்காமல் திரும்புவோம். வேண்டாம் என்று ஒன்றை மடித்துத் திருப்பி வைக்கும் உரிமையும் காசு கையில் இருந்தால்தான் வரும். அந்த ருசி கண்டவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும்போதும் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. எங்கள் வரிசையில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

கொஞ்சம் காசு சேர்ந்தால் அடுத்த பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஊர் வருமுன்பே 11 நிலைக் கோபுரம் தெரிந்துவிடும். நம் அரசு முத்திரையில் இருப்பது அந்தக் கோபுரம்தான் என்று பஸ்ஸில் யாராவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கோபுரத்தைவிட ஆண்டாள் கையிலிருக்கும் கிளிதான் பெரிது. தினமும் புதிதாக இலைகளால் கட்டுவார்கள், அலகுக்கு மாதுளம்பூ. ஒரு நாள் கழித்துக் கலையப்போகிற பொருளுக்கு இத்தனை நுணுக்கமா என்று கை வேலைக்காரியாக நின்று பார்ப்பேன். அந்தக் கிளி கட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டுதான் மறுநாள் கழுத்து வளைவைத் திருப்புவேன்.

கோயிலைச் சுற்றிய கடைகளில் கால் கிலோ பால்கோவா. பாலும் சர்க்கரையும் விறகு அடுப்புச் சூடும் தவிர வேறொன்றும் அதில் இல்லை. இளஞ்சூட்டில் வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே பாதி காலி. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைச் சென்னையில் இருந்துகொண்டு படித்தேன். அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு வாங்கி அனுப்பச் சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவு ஊர். அங்கேயிருந்து கிளம்பிய கடைதான் போத்தீஸ் என்பது இன்றைக்குத் தியாகராய நகரில் அதன் மாடிகளில் ஏறி இறங்குகிற பலருக்குத் தெரியாது. 1923இல் கே.வி. போத்தி மூப்பனார் பருத்திச் சேலை, வேட்டி விற்கத் தொடங்கியது அந்த ஊரில். நான் சென்னைக்கு வந்து பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் இருந்த நாட்களில், அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்ததுபோல இருக்கும்.

எல்லா ஞாயிறும் நல்ல ஞாயிறு என்று சொல்ல முடியாது. 1997இல் எங்கள் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்த சாதியைச் சொல்லி, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு பக்கம் கிளம்ப, பஸ்கள் உடைந்தன, தெருக்கள் எரிந்தன, உயிர்கள் போயின. ஜூலையில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது அரசு. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனதும் அப்போதுதான். எங்கள் கூடத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அந்த வாரங்களில் பாதி மெஷின்கள் உறை போட்டபடி கிடந்தன. வந்தவர்களும் தலை நிமிராமல் தைத்தார்கள். யார் கை வைத்ததை யார் பைப்பிங் ஓட்டுவது என்று எங்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. ஊர் அதைப் பார்க்கச் சொன்னது. பஸ் ஓடத் தொடங்கியதும் காஜா அக்காதான் ஒவ்வொரு வீடாகப் போனாள். “ஞாயித்துக்கெழம பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறேன், அத்தை. நான் பொறுப்பு” என்று எல்லாத் தெருவிலும் ஒரே வார்த்தையைச் சொன்னாள். முதல் ஞாயிறு மூன்று பேர்தான் வந்தார்கள். அந்த மூன்று பேரும் மூன்று தெரு. ராஜபாளையம் போய் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அதைவிடப் பெரிய பயணம் நான் போனதில்லை.

சாரல் காலத்தில் ஒரு முறையாவது குற்றாலம். சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று பஸ் மலையை ஒட்டியே போகும். கடையநல்லூர் தாண்டினால் ஜன்னலில் குளிர் ஏறும். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நைட்டி தைத்தாலும் எங்களில் பலருக்கு வீட்டில் நைட்டி போட அனுமதி கிடையாது. “தெருவுல போறவன் பாக்க, அது என்ன அங்கி மாதிரி?” என்பாள் என் ஆச்சி. அருவியில் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் போய் நின்றால், மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் எங்கெங்கோ இருந்தும் வந்த பெண்கள் எல்லாம் நைட்டியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் முகவூர்க்காரி என் தோளைப் பிடித்து உலுக்கி, காதுக்குள் கத்தினாள்: “ஏளா, அங்க பாரு, நம்ம பீஸு!”

ஒரு நடுத்தர வயதுக்காரி. ஊதாப் பூப்போட்ட துணி, கழுத்தில் வெள்ளைப் பைப்பிங், இரண்டு பட்டன். அந்தச் சரக்கு எங்கள் கூடத்திலிருந்து போனது. அந்த வளைவு என் கை. அவள் தலையில் அருவி கொட்டுகிறது. கைகளை விரித்து, வாயைத் திறந்து சிரிக்கிறாள். பிள்ளை, புருசன், அடுப்பு எதுவும் அந்த நேரத்தில் அவளுக்கு இல்லை. தையல் பிரியவில்லை, கழுத்து நெகிழவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது மங்குஸ்தான் பழம் வாங்கித் தின்றுகொண்டே அந்தக் கழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அடுத்த சனிக்கிழமை கூலியில் இரண்டு நைட்டியை நானே கம்பெனியில் விலைக்கு எடுத்து, ஒன்றை அம்மாவுக்கும் ஒன்றை ஆச்சிக்கும் கொடுத்தேன். ஆச்சி அதைப் பெட்டிக்குள் வைத்தாள். அம்மா மட்டும் இரவில் கதவடைத்த பிறகு போட்டுப் பார்த்துவிட்டு, “காத்தோட்டமா இருக்குல்ல” என்றாள். இன்றைக்கு அதே தெருவில் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, நைட்டியோடுதான் தண்ணீர் பிடிக்கப் போகிறாள்.

தீபாவளிக்கு மதுரை. விளக்குத்தூண் பக்கம் கூட்டத்தில் கையைக் கையைப் பிடித்துக்கொண்டு நகர்வோம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் கட்டிய தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் ஆண்கள். யாளிச் சிற்பத்தின் காலடியில் ஒரு பெரியவர் பாவாடைக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தார். காஜா அக்கா நின்று, “அய்யா, ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி முடிப்பீங்க?” என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து எங்கள் விரல்களைப் பார்த்தார். “நீங்களும் மெஷின்காரங்களாம்மா?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். வாங்க வந்ததையெல்லாம் மறந்து அங்கேயே நூல் விலையும் ஊசி விலையும் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் மூச்சு விடட்டும் என்பது சரிதான். சிற்பங்களை இனிக் கண்ணாரப் பார்க்கலாம். அந்த மெஷின் சத்தம் இல்லாத புதுமண்டபத்தை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எனக்குக் கல்யாணம் முடிவானபோது முகூர்த்தச் சேலை எடுக்க வேன் வைத்துப் பெரியவர்கள் கிளம்பினார்கள். எங்கள் பக்கம் பெண்ணைக் கூட்டிப்போவார்கள், ஆனால் கேட்க மாட்டார்கள். நான் அய்யாவிடம் போய், காஜா அக்காவும் முகவூர்க்காரியும் வராமல் வரமாட்டேன் என்றேன். அத்தைமார் முகம் சுளித்தார்கள். அய்யா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவுகளும் வரட்டும். துணி தெரிஞ்ச பிள்ளைக” என்றார். கடையில் சிவப்பும் அரக்குமாக மலைபோல் குவித்தார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொன்றையும் புரட்டி உள்பக்கம் பார்த்தோம். ஓரத்தில் நூல் ஓட்டம் தப்பாத ஒரு மயில்கழுத்து நிறச் சேலையை எடுத்து என் தோளில் போட்டாள் அக்கா. விலை அய்யா வைத்திருந்ததைவிடக் கூடுதல். மீதியை நான் கொடுத்தேன், சனிக்கிழமைக் கூலியிலிருந்து. கடைக்காரர் பில்லை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். அய்யா என்னைக் காட்டினார்.