இரண்டு கண்ணுக்கு இரண்டு படம்

மச்சாள் சுவிஸிலிருந்து வந்தபோது பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய அட்டை ஒன்றைத் தந்தா. ஒரே பனியாறு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை. "அச்சுப் பிழையோ?" என்றா அம்மா. பிழையில்லை. ஒன்று இடக்கண்ணுக்கு, மற்றது வலக்கண்ணுக்கு.

*

ரோன் பனியாறு. எடுத்தவர் வில்லியம் இங்லண்ட். லண்டன் ஸ்டீரியோஸ்கோப்பிக் கம்பனியை விட்டு 1863இல் விலகி, அல்ப்ஸ் மலைக்குப் போனவர். பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. தூரத்தைப் பார்ப்பதுபோல் கண்ணைத் தளர விட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகி, பனிப்பிளவுகள் கிணறுபோல் ஆழம் காட்டின.

*

அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியும் முடிக்கவேண்டும். இருட்டுக் கூடாரமும் மருந்துப் போத்தல்களும் கூடவே மலையேறும். 1861இல் ஒகஸ்த்-ரொசாலி பிசோன் என்ற படப்பிடிப்பாளர் மொன் பிளாங்க் உச்சிக்குப் போனபோது சுமைகாரர் மட்டும் 25 பேர். கழுவத் தண்ணீர் வேண்டி அங்கே பனியை உருக்கினார்கள். எங்கள் வெயிலில் தண்ணீருக்குப் பஞ்சமிராது. தகடுதான் கண்மூடித் திறக்குமுன் காய்ந்துவிடும்.

*

இன்று காலை இலங்கைத்துறைக் கரையில் நானும் இரட்டைப் படத்துக்கு முயன்றேன். இடக்காலில் பாரம் வைத்து ஒரு படம், வலக்காலுக்கு மாறி இன்னொன்று. மணலில் கிடந்த வள்ளம் அழகாக எழுந்து நின்றது. கடல் கெட்டது: இரண்டு படத்துக்கும் இடையில் அலை உடைந்துவிட்டது. கரைவலை இழுத்தவர்களும் பேய்போல் கலங்கினார்கள்.

பனியாறும் ஓடுவதுதான். 1842இல் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்பவர் மேர் டி கிளாஸ் பனியாற்றை அளந்தார். நடுப்பகுதி நாளுக்கு ஒரு முழத்துக்கு மேல் நகர்ந்தது. ஆனால் ஒற்றைக் கமராவைத் தள்ளிவைத்து இரண்டாம் தகடு எடுக்கும்வரை அது பொறுத்திருக்கும். கடல் பொறுக்காது. அதற்கு இரட்டை வில்லைக் கமராதான் வழி; மான்செஸ்டரைச் சேர்ந்த டான்சர் என்பவர் 1856இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

*

கண்ணுக்குக் கண் இடைவெளி ஆறரை சென்டிமீட்டர்போல. தூரத்து மலைக்கு அது காணாது, தட்டையாகவே தெரியும். முன்னால் ஒரு பாறையோ ஆளோ நிற்கவேண்டும். திருகோணமலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப்பிளவு இதற்கென்றே பிளந்ததுபோல் இருக்கிறது.

*

அட்டையில் பனியாறு பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிக் கிடக்கிறது. இன்று மேலே பாறைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. கோடையில், அதில் குடைந்த பனிக்குகைப் பக்கம் உருகாதிருக்க வெள்ளைத் துணி போர்த்திவந்தார்கள்.

*

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இப்படி இரட்டைப் படம் கிடந்தால், பாதியாக வெட்டிச் சட்டம் போட்டுவிடாதீர்கள்.