போய் வருகிறேன்

பாலாற்றுப் படுகையில் அமைந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்கள் நெடுங்காலமாகத் தோலைப் பதனிட்டுக் கடல் கடந்து அனுப்பி வருகின்றன. இன்று தம் பிள்ளைகளையும் அனுப்புகின்றன. வளைகுடா நாடுகள் நமக்குப் பழகியவை. அங்கே பாங்கொலி உண்டு, நம் உணவு உண்டு, நம்மூராரும் உளர். ஜப்பான் அவ்வாறன்று.

எம் தமக்கையின் மகன் பொறியியல் பயின்று, டோக்கியோவில் கணினி மென்பொருள் அலுவலகம் ஒன்றில் பணியேற்றான். தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதிய தந்தை மறைந்தபின், தங்கையர் இருவரின் படிப்பும் வீட்டுக் கடனும் அவன் தோள்மேல் இருந்தன. சென்ற மூன்றாம் திங்களிலேயே, "மாமா, எனக்கு இங்கே ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிடட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டான்.

அவனை வருத்தியது வேலையன்று. வேலையைச் சூழ்ந்த வழக்கங்களே. தொடர்வண்டியில் எவரும் உரக்கப் பேசார். குப்பையை எரிவது, எரியாதது, புட்டி, தாள் எனப் பிரித்து, உரிய நாளில் வெளியே வைத்தல் வேண்டும். அலுவலகத்திலோ 'ஹோரென்சோ' என்றொரு நெறி. அறிக்கை தருதல், செய்தி தெரிவித்தல், கலந்து கேட்டல் ஆகிய மூன்றையும் குறிக்கும் ஜப்பானியச் சொற்களின் முதற்பகுதிகளைச் சேர்த்தமைத்த பெயர் அது. அவர்கள் பசலைக்கீரையை அழைக்கும் பெயரும் அதுவே! சிறு செயலையும் மேலவர்க்குச் சொல்லிக்கொண்டே இருப்பது, தம்மை நம்பாமையின் அடையாளமென்று அவன் எண்ணினான்.

மற்றொன்று 'நெமவாஷி'. மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டி ஆயத்தம் செய்தல் என்பது அதன் முதற்பொருள். புதிய கருத்தைக் கூட்டத்தில் திடீரென வைத்தல் அங்கு வழக்கமன்று; ஒவ்வொருவரிடமும் முன்னரே பேசி இசைவு பெறுதல் வேண்டும். "நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் ஒரு நற்பணியைத் தொடங்குமுன் வீடுவீடாகச் சென்று பேசுவதில்லையா? அதுதானப்பா இது" என்றோம். அவன் சிரித்துவிட்டான்.

எமக்குத் தெரிந்தது தமிழ் ஒன்றே. ஆகவே தமிழ்வழியே மேலும் சில சொன்னோம். வீட்டை விட்டுப் புறப்படும் ஜப்பானியர் 'இத்தேகிமாசு' என்பர். 'இத்தே' என்பது போய். 'கிமாசு' என்பது வருகிறேன். 'போகிறேன்' என்று சொல்லத் தயங்கிப் 'போய் வருகிறேன்' என்னும் நம் வழக்கு அப்படியே அங்கும் இருக்கிறது! வினைமுற்று இறுதியில் நிற்றல், உருபு பெயர்க்குப் பின் வருதல், அடைமொழி பெயர்க்கு முன் நிற்றல் ஆகியனவும் நமக்குப் புதியவை அல்ல.

கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008), ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு நாடிப் பல்லாண்டு உழைத்தவர். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் துணைவியார் மனோன்மணி அம்மையாரும் அவரோடு இணைந்து ஆய்ந்தனர். ஓனோவின் முடிவை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இனவுறவு இருப்பினும் இல்லையெனினும், தொடரமைப்பின் ஒற்றுமை நம் பிள்ளைகட்குப் பெருந்துணை. ஆங்கிலத்தில் எண்ணாமல் தமிழில் எண்ணிப் பேசத் தொடங்கியபின், அவனுக்கு அம்மொழி விரைந்து வசப்பட்டது.

ஆயினும் எல்லாவற்றிற்கும் வளைந்து கொடுத்தல் இயலாது. பணி முடிந்தபின் அலுவலகத்தார் ஒருங்கே கூடி அருந்தும் 'நோமிகாய்' அவனுக்குப் பெருஞ்சோதனை. போனால் மார்க்கம், போகாவிட்டால் தோழமை. தன் நெறியை மேலவரிடம் முன்னரே தனித்துச் சொன்னான். அதாவது, அவர்கள் நெமவாஷியையே கையாண்டான். விருந்தில் ஊலாங் தேநீர் பருகி இறுதிவரை உடனிருந்தான். அடுத்த முறை மீனுணவு கிடைக்கும் கடையை அவர்களே தேர்ந்தனர். நண்பகல் ஓய்வில் தொழுகைக்குச் சிறு அறையும் கிடைத்தது.

இவ்வழியில் அவன் முதல்வன் அல்லன். ஜப்பானின் முதற் பள்ளிவாசல் 1935இல் கோபே நகரில் எழுந்தபோது, அங்கு வாணிகம் செய்த இந்திய முஸ்லிம்கள் பொருளுதவி புரிந்தனர். 1945ஆம் ஆண்டின் குண்டுவீச்சிலும் 1995ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலும் அது நிலைத்து நின்றது.

அந்நாட்டார் வழக்கம் அனைத்தும் பின்பற்றத் தக்கன என்று யாம் கூறவில்லை. மிகையுழைப்பால் நேரும் சாவுக்கு 'கரோஷி' எனத் தனிச்சொல்லே அங்கு உண்டு. 2018இல் சட்டமியற்றி, 2019 முதல் மிகைநேரப் பணிக்குத் திங்களுக்கு 45 மணி என்னும் பொது வரம்பை அவர்களே விதிக்க நேர்ந்தது. இரவு நெடுநேரம் இருக்கையில் அமர்ந்திருத்தலே உழைப்பாகாது என்பதையும் அவனிடம் சொன்னோம்.

மாணவச் செல்வங்களே! பதனிடாத தோல் அழுகும். அல்லது விறைத்துப் பிளக்கும். பதனிட்ட தோலோ வளையும், ஆனால் கெடாது. அயல்நாடு செல்வார்க்கு வேண்டுவது அத்தகைய பதமே. தங்கையருள் மூத்தவள் இவ்வாண்டு பட்டம் பெறுகிறாள். வீட்டுக் கடனும் தீரும் நிலையில் உள்ளது. திரும்புவதைப் பற்றி அவன் இப்போது பேசுவதில்லை. நாள்தோறும் அலுவலகம் புறப்படும்போது அடுத்த வீட்டு மூதாட்டியிடம் 'இத்தேகிமாசு' என்கிறானாம். 'போய் வாருங்கள்' என்று அவரும் தம் மொழியில் விடை தருகிறாராம்.