தேயிலைக்கு அப்பா யார்?

எட்டாம் தரப் பிள்ளைகளிடம், வீட்டில் யார் யாருக்கு நாக்கைக் குழல்போலச் சுருட்ட வருகிறது என்று பார்த்து எழுதி வரச் சொன்னேன். பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு வருவதைக் காட்ட அது எளிய வழி என்று நினைத்திருந்தேன். மறுநாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வெறும் தாளை நீட்டினாள். அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அப்பா எங்கே என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. அம்மாயியிடம் மட்டும் கேட்டுப் பார்த்தாளாம். அவருக்கு நாக்குச் சுருளவில்லையாம்.

அந்தப் பாடமே பிழை என்பதும் பிறகுதான் தெரிந்தது. நாக்குச் சுருட்டுவது ஒரே பரம்பரை அலகின் வேலை என்று 1940இல் எழுதியவர் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டர்ட்டிவன்ட். ஆனால் 1952இல் ஒருருவ இரட்டையரைப் பார்த்தபோது, ஒருவர் சுருட்ட மற்றவரால் முடியாத சோடிகள் கிடைத்தன. ஸ்டர்ட்டிவன்ட்டே பின்னாளில் தன் கருத்தைக் கைவிட்டார். அந்தச் சிறுமியின் வெறும் தாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மலைக்குக் கூட்டிப்போனேன். பாதைக்கு ஒரு பக்கம் பழைய விதைத் தேயிலை, மறுபக்கம் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலை. இரண்டிலும் ஆளுக்குப் பத்துச் செடியிலிருந்து ஒவ்வோர் இலை பறிக்கச் சொன்னேன். விதைத் தேயிலையில் ஓர் இலை உள்ளங்கை அகலம். அடுத்த செடியில் ஒடுங்கிக் கறுத்த இலை. இன்னொன்றில் கொழுந்தே செம்மை ஓடியிருந்தது. வீ.பி. பக்கத்து இலைகளோ ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன. அதே சிறுமிதான் கேட்டாள்: “சேர், இந்த வீ.பி. செடிக்கெல்லாம் அம்மா அப்பா யாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடத் தொடங்கினேன்.

முதலில் போனது, தோட்டத்துத் தவறணையில், அதாவது நாற்றுப் பண்ணையில், பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம். “ஒரு இலைதான் சேர் ஒரு செடி,” என்றார். தாய்ச் செடியின் கிளையில் இலையோடு சிறு துண்டுத் தண்டை வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் நட்டு, நிழலில் வைத்து, மாதக்கணக்கில் தண்ணீர் காட்ட வேண்டும். அதில் பூவும் இல்லை, தேனீயும் இல்லை, விதையும் இல்லை. அப்படி வரும் அத்தனை செடியும் அந்தத் தாய்ச் செடியின் நீட்சிதான். அவர் அதிகம் நட்டது எந்த வகை என்று கேட்டேன். “இருபத்தஞ்சு,” என்றார். டீ.ஆர்.ஐ. 2025. இதில் 2025 என்பது ஆண்டு அல்ல, வகையின் எண். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிவு செய்து தந்த வகை அது.

அதன் வமிசத்தைத் தேடிப் படித்தபோது சிறுமியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. தாய், அசாம் வழி வந்த ஏ.எஸ்.எம். 4/10 என்ற செடி. டீ.ஆர்.ஐ. 2000 வரிசையின் பல வகைகளுக்கும் அதுவே தாய். அவை ஒரு தாய் மக்கள். தந்தை யாரென்று பதிவில்லை. தேயிலைப் பூ தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது; பூச்சிகள் வேறு செடியிலிருந்து கொண்டுவர வேண்டும். எந்தச் செடியிலிருந்து வந்தது என்று யார் குறித்து வைத்திருக்கப்போகிறார்கள்? தேயிலையின் கலத்தில் 30 நிறமூர்த்தங்கள்: 15 தாய் தந்தது, 15 தந்தை தந்தது. ஒவ்வொரு விதையிலும் அந்தச் சேர்க்கை புதிது. விதைத் தேயிலை மலையில் ஒரு செடியைப்போல இன்னொன்று இல்லாததற்குக் காரணம் இதுதான்.

எல்லாம் ஒன்றாக இருப்பதில் ஆபத்தும் உண்டு. அதற்கும் தொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் ஊவாவிலேயே, பசறையைத் தாண்டினால் மடுல்சீமை. அங்கேதான் 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அரபிக்கா கோப்பி தன் பூவிலேயே கருக்கொள்ளும். குறுகிய வமிசத்திலிருந்து பெருகிய செடிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை வீழ்த்திய பூஞ்சணம் எல்லாவற்றையும் வீழ்த்தியது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் சரிந்து, மலையெல்லாம் தேயிலை ஏறியது. பரம்பரை பற்றிப் பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் எழுதிய கட்டுரை அந்த நோய்க்கு முன்பே, 1866இல், அச்சேறியிருந்தது. ஆனால் 1900 வரை அதை ஏறத்தாழ யாரும் பொருட்படுத்தவில்லை.

செடியின் பரம்பரையோடு மட்டும் எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை; சூழலுக்கும் பங்குண்டு. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் மணம், அதே 2025ஐத் தலவாக்கலையில் நட்டால் வராது. இதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

பரம்பரை பற்றிய இந்த இயலை எங்கள் பாடநூல்கள் பிறப்புரிமையியல் என்கின்றன. மலையகத்தில் நின்று அந்தச் சொல்லை என்னால் சாதாரணமாக உச்சரிக்க முடிவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்குச் சான்று எங்கே என்று எங்கள் பாட்டன்மாரைக் கேட்டது. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயத்துப் பிறப்புகள் பல பதியப்படவே இல்லை; சான்று காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்களானார்கள். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தந்தை தெரியாத செடிக்கு எண் கொடுத்துப் பேணிய மண்ணில், மனிதரிடம் இப்படிக் கேட்டது பெரும் அநியாயம். அந்தக் கேள்வியின் சாயல்கூட என் வகுப்பறைக்குள் வரக்கூடாது. நாக்கு, காது மடல், கண் நிறம் என்று வீட்டாரைப் பற்றி எழுதி வரச் சொல்வதை நிறுத்திவிட்டேன். இப்போது தேயிலையை வைத்தே பாடம்.

விதைத் தேயிலை மலைகளைப் பிடுங்கி வீ.பி. நடுகிறார்கள். மலையகத்து விஞ்ஞான ஆசிரியர்களே, உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விதைத் தேயிலை இன்னும் நின்றால், அது போவதற்கு முன் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள்.