குருபோங்கில் ஓர் இத்தாலியக் கை

மலாக்கா நகரை விட்டு குருபோங்குக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது வரிசை வீடுகளும் கடைவீடுகளும் காடிப் பட்டறைகளும்தான். இத்தாலியைத் தேடி இங்கே யாரும் வருவதில்லை. நானும் அம்மாவின் பழைய பெரோடுவா கெனாரிக்கு பிரேக் பேட் மாற்றத்தான் போனேன்.

"இன்னுமா இத வெச்சிருக்கீங்க? வித்துட்டு மைவி எடுங்க தம்பி" என்றார் பட்டறை அண்ணன். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு லம்போர்கினி கவுன்டாச் படம், கத்தரிக்கோல் மாதிரி கதவுகளைத் தூக்கிக்கொண்டு.

அதை வரைந்தவர் மார்செல்லோ காந்தினி. 1971 ஜெனீவா கண்காட்சியில் அது நின்றபோது, அதே கண்காட்சியில் மஸராட்டி போராவும் நின்றது. போராவை வரைந்தவர் ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ. இருவரும் 1938 ஆகஸ்டில் பிறந்தவர்கள். பெர்டோனே நிறுவனத்தில் ஜுஜாரோ விட்டுப்போன நாற்காலியில்தான் காந்தினி உட்கார்ந்தார்.

"அந்த ஜுஜாரோ வரைஞ்சதுதான் அண்ணே இந்தக் காடியும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் உண்மை அதுதான். 1998இல் ஜப்பானில் வந்த டைஹாட்சு மூவ் அவருடைய வடிவமைப்பு. அதுவே 2000இல் இங்கே கெனாரி ஆனது. 2009 வரை விற்றார்கள்.

போரா தரையோடு படுத்த வண்டி. உள்ளே போகக் கிட்டத்தட்ட உட்கார்ந்து நகர வேண்டும். அப்படிப்பட்டதை வரைந்தவர்தான் 1974இல் வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபையும் வரைந்தார். 1978இல் லான்சியாவுக்காக மெகாகம்மா என்ற மாதிரி வண்டியைச் செய்து காட்டினார். கூரையை உயர்த்தி, ஆட்களை நாற்காலியில் போல நிமிர்த்தி உட்கார வைத்தால் சின்ன வண்டியிலும் குடும்பமே போகலாம் என்பது அதன் கணக்கு. அந்த மாதிரி வண்டி விற்பனைக்கு வரவில்லை. கணக்கு மட்டும் உலகம் சுற்றியது. 1999இல் அவரை நூற்றாண்டின் சிறந்த கார் வடிவமைப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கென்னவோ, போராவைவிட இந்தக் கூரைக்காகவே அதைக் கொடுத்திருக்கலாம் என்று படும்.

அம்மா தோட்டத்தில் இருபது வருடங்களுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது முட்டி மடங்காது. தம்பியின் புதுக் காடி பார்க்க அழகுதான். அம்மா அதில் ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கெனாரியின் இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது.

வேலை முடிந்தது. அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கதவை அவரே சாத்திவிட்டு, "பின்பக்க பிரேக்கும் தேஞ்சிருக்கு. அடுத்த மாசம் கொண்டு வாங்க, பார்த்து வெக்கிறேன்" என்றார்.