பழைய நிரல், புதிய கெர்னல்

லினக்ஸ் கெர்னல் பயனர் நிரல்களுக்குத் தந்த வாக்கை இயன்றவரை காப்பாற்றும். தன்னுள் குடியிருக்கும் டிரைவர்களுக்கோ எவ்வித வாக்கும் தருவதில்லை. அளவைக் கருவி ஒன்றின் சிறுதிரைக்கான டிரைவரை 2.6 காலத்துக் கெர்னலிலிருந்து 6.1க்குப் பெயர்க்க அமர்ந்தபோதே நாங்கள் இருவரும் இதை முழுதாய் உணர்ந்தோம். அதை எழுதிய நண்பர் இன்று இல்லை.

முதல் தொகுப்பிலேயே திரை நிறையப் பிழைகள். பல வெறும் பெயர் மாற்றங்கள்: ஐஓரீமேப் நோகேஷ் 2020இல் வந்த 5.6இல் நீக்கப்பட்டுவிட்டது, ஐஓரீமேப் என்றெழுதினால் தீர்ந்தது. டைமர்கள் அப்படியல்ல. 4.15 முதல் அவை அழைக்கும் செயற்கூறுக்கு நாம் தந்த எண் வருவதில்லை; டைமரின் சுட்டி மட்டுமே வருகிறது. அதைப் பற்றிக்கொண்டு நம் தரவை நாமே தேடியடைய வேண்டும்.

பழைய ஃபிரேம்பஃபர் முறையிலேயே விடுவதா, டிஆர்எம்முக்கு மாற்றுவதா? இரண்டு இரவுகள் வாதிட்டோம். டிஆர்எம்மில் ஒரே திரை பிளேன், சிஆர்டிசி, என்கோடர், கனெக்டர் என நான்காகப் பிரிகிறது. தெளிந்த பகுப்புதான், ஆனால் அதில் இறங்கினால் நண்பரின் வரிகள் பெரும்பாலும் மிஞ்சா. (மொழிபெயர்ப்பாளர்கள் இச்சங்கடத்தை அறிவார்கள்.) பேணுவாரற்ற நிரலுக்குக் கெர்னலில் ஆயுள் குறைவு என்பதால் டிஆர்எம்மே வென்றது.

திரையை எழுப்பும் கட்டளை அட்டவணையை மட்டும் தொடவில்லை. உறக்கம் கலைத்தபின் 120 மில்லிநொடி காத்திருப்பு, சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றும் ஒற்றை பிட், அதனருகே அவருடைய சலிப்பான குறிப்பு, எல்லாம் அப்படியே உள்ளன. கோப்பின் தலைப்பில் அவர் பெயருக்குக் கீழே எங்கள் பெயர்களைச் சேர்த்தோம்.